இந்தாவோ

புல்லைவிட ஒரு விரற்கடை உயரம், அவ்வளவுதான்.
வேறு குற்றம் ஒன்றும் சொல்ல முடியாது.
வெள்ளிக்கிழமை வெட்டிய கிக்குயூ புல்லின் மேல்
ஞாயிறு காலை தலை நீட்டி நிற்கும்,
எண்ணெய் தடவிச் சீவியது போல் கோரை.

இரவுப் பணி முடிந்து
ஏழேகாலுக்கு டாக்சி என்னை நார்த்டேலில் இறக்கிவிடும்.
வார்டில் பதினோரு பேருக்கு ஊசி போட்டவள்
சீருடையைக்கூட மாற்றாமல்
வாசல் புல்லில் குந்திவிடுவேன்.

பிடுங்கினால் வருகிறது. அதுதான் தந்திரம்.
மேலே உள்ளதைத் தந்துவிட்டுக்
கீழே உள்ளதை வைத்துக்கொள்ளும்,
சம்பளக் கவரை என்னிடம் நீட்டி
ஓவர்டைம் பணத்தை ஒளித்தவரைப் போல.
பழைய கதை. விடுங்கள்.

விவசாயக் கடையில் மருந்து இருநூற்றுப் பத்து ராண்ட்.
ஆறு மணி நேரம் மழை படக் கூடாது என்றான் பையன்.
நவம்பரில்! மாரிட்ஸ்பர்க்கில்!
நாலு மணிக்கு மலைக்குப் பின்னால் இடி உருண்டது.
மறுவாரம் மஞ்சளானது புல்தான்.
கோரை முகம் கழுவிக்கொண்டு நின்றது.

தம்பி ஏகாம்பரம் வந்தான்.
அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தான்.
“தளக்கல் பதிச்சிடுக்கா, மூணு நாள் வேலை.
ரெண்டு கார் நிறுத்தலாம்.”
எனக்கு ஒரு காரும் இல்லை.
அவன் வீட்டுத் தளக்கல் இடுக்கில்
ஈட்டிபோல் ஒன்று ஏறி வந்திருந்ததைத்
தீபாவளியன்றே பார்த்துவிட்டேன்.
சொல்லவில்லை.

கடப்பாரை எடுத்து நானே தோண்டினேன்.
ஒரு சாண், இரண்டு சாண்.
கறுப்பு நூலில் கோத்த மணி,
மணிக்கு அப்பால் நூல், நூலுக்கு அப்பால் மணி,
முடிச்சு மட்டும் இல்லை.
வேலிக்கு அடியில் நுழைந்து
கோகிலம் மூட்லியின் ரோஜாப் பாத்திக்குள் போயிற்று.
வேலிக்கு மேலே
நாங்கள் பேசி நாலு வருடம்.

ஒரு கிழங்கை நகத்தால் கீறினேன்.
மணத்தது. தெரிந்த மணம்.
குளியலறை அலமாரியில்
டர்பனில் வாங்கிய நலங்குமாவுப் பொட்டலத்தைத்
திருப்பிப் படித்தேன்:
பாசிப்பயறு, கஸ்தூரிமஞ்சள், ஆவாரம்பூ,
நாலாவது கோரைக்கிழங்கு.
எண்பத்தைந்து ராண்ட்.
முற்றத்தில் கொல்ல ஒரு விலை,
முகத்தில் பூச ஒரு விலை.
மண் கையோடு குளியலறையில் நின்று சிரித்தேன்.

மாதம் ஒருமுறை தெருவோரம் வெட்ட வரும் மகாயே
என் வாளியை எட்டிப் பார்த்து
“இந்தாவோ” என்றார்.
நான் கையை நீட்டினேன்.
அவர் கையில் ஒன்றுமில்லை.
இரண்டு பேரும் விழித்தோம்.

அதன் பெயராம் அது, ஜூலுவில்.
“இடத்துக்கும் இதே சொல்தான் சிஸ்டர்,
பஸ்ஸில் உட்கார இந்தாவோ இருக்கா என்று கேட்போமே.”
எங்கள் மொழியில் ‘இந்தா’ என்றால்
‘வாங்கிக்கொள்’ என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் இயந்திரத்தின் கயிற்றை இழுத்துவிட்டார்.
புல் தூசி பறந்தது.
அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

குப்பையில் கொட்டினால் போன இடத்தில் முளைக்கும்.
பெயிண்ட் வாளியில் தண்ணீர் ஊற்றி
அத்தனை கிழங்கையும் மூழ்கடித்தேன்.
மூடி போட்டு மேலே ஒரு செங்கல்.
நாற்பது நாள் என்றார்கள்.
முப்பத்தொன்றில் திறந்தேன், எனக்குப் பொறுமை கிடையாது.

நாற்றம் மூக்கைப் பிடுங்கியது.
கறுத்த தண்ணீருக்கு மேல்
வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அறியாமல்
வளைந்து நின்றது
ஊசிமுனை அளவு வெள்ளை.

மூடவில்லை என்று எழுத ஆசைதான்.
மூடினேன்.
இன்னொரு செங்கல்லும் வைத்தேன்.